முதலில் ஒரு கக்கூஸ்

போன கிழமை உங்கள் பொறியியல் மாணவர் சங்கச் செயலமர்வுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை: ‘உலகளாவிய பொறியியற் கல்வியில் பன்முகத்தன்மையை ஊக்குவித்தல்’. எனக்குத் தந்த நேரத்தில் பாதி குத்துவிளக்கு ஏற்றுவதில் போனது. மிச்சப் பாதியில் ஒலிவாங்கி இரைந்துகொண்டே இருந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமல், தந்த ரோல்சையும் தேத்தண்ணீரையும் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது எழுதி அனுப்புகிறேன். ஒலிவாங்கி இல்லாதபடியால் இடையில் நிறுத்த உங்களுக்கு வழியில்லை.

உலகம் முழுவதைப் பற்றியும் எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் குருநகரிலிருந்து கொடிகாமம் வரைக்கும் தெரியும். அந்தத் தூரத்துக்குள்ளேயே உலகத்து வில்லங்கம் எல்லாம் இருந்தது. இன்னொன்று, பன்முகத்தன்மை என்ற சொல்லை நான் பென்சன் எடுத்த பிறகுதான் கேள்விப்பட்டேன். நான் வேலை செய்த காலத்தில் அதற்கு எங்களிடம் இருந்த சொல் கக்கூஸ்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். சொல்கிறேன்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கிய சனத்தில் நானும் ஒருத்தி. கொழும்பில் ஒரு வாகனத் திருத்தகத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தேன். கையில் ஒரு பை, பைக்குள் என்னுடைய டிப்ளோமா. மாற்றுடுப்பை விட்டுவிட்டு அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்ததற்காக அம்மா கப்பலடியிலேயே வைத்து ஏசினார். ஆனால் அந்தக் காகிதந்தான் சோறு போட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் இயந்திரப் பகுதிக்குப் போதனாசிரியர் வேண்டுமென்றார்கள். போனேன். வாசலில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தட்டெழுத்து வகுப்பு அடுத்த வீதியில் என்று வழி சொன்னார்.

அந்த நிலையத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை. இயந்திரப் பகுதிக்குள் பெண் என்று ஒரு பிராணி வரும் என்று கட்டடத்தை வரைந்தவருக்குத் தோன்றவில்லை. நான் வீதியைக் கடந்து எதிர்ப்பக்கத்து அன்ரி ஒருவரின் வீட்டுக்குப் போய்வருவேன். சந்திக் கடைக்காரருக்குத் தெரியும், சைக்கிள் திருத்துகிறவருக்குத் தெரியும், தபாற்காரருக்கும் தெரியும். நான் படியிறங்கினால், “ரீச்சர் ஒயில் மாத்தப் போறா” என்று மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்களாம். நல்ல பகிடிதான். காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல், அந்த வெக்கைக்குள் நின்று நான் வகுப்பெடுத்தது அவர்களுக்குத் தெரியாது.

தொண்ணூறாம் ஆண்டுக்கு வருகிறேன். சண்டை திரும்பத் தொடங்கி மின்சாரம் நின்றுவிட்டது. டீசல் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. மண்ணெண்ணெயில் ஓடக்கூடியது ஓடியது, மிச்சம் நின்றது. எங்கள் வகுப்பும் மெல்ல மெல்லக் காலியாகிக்கொண்டு வந்தது. சிலர் வெளிநாட்டுக்குப் போனார்கள். சிலர் போன இடத்தை வீட்டுக்காரரிடமே கேட்க முடியாது. வகுப்பில் மிகக் கெட்டிக்காரனாக ஒரு முஸ்லிம் பையன் இருந்தான். கியர்ப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவான். அந்த ஐப்பசியில் குடாநாட்டு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு நாள் வகுப்பில் இருந்தான், அடுத்த வகுப்புக்கு அவனுடைய ஊரே இல்லை. அவன் அரைவாசியில் விட்டுப்போன கியர்ப் பெட்டியைத் தொட ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதைப் பற்றிப் பகிடி விட எனக்கு இன்றைக்கும் வராது. ஒரு வகுப்பறை ஒரே மாதிரியான ஆட்களால் மட்டும் நிரம்பினால் எப்படி இருக்கும் என்று நான் பார்த்தது அப்போதுதான். அது கால்வாசிகூட நிரம்பியிருக்கவில்லை என்பது வேறு கதை.

எங்கள் நிலையத்து அதிபர் நல்ல மனிசன். ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு வில்லங்கமும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய கல்விக் கொள்கை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“அடுத்த பிரிவுக்கு ஆள் இல்லை மிஸ். இயந்திரப் பகுதியை மூடிவிடுவம்.”

“பெட்டையளை எடுத்தால் என்ன சேர்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பெட்டையளோ? இஞ்சினுக்கோ?”

“இஞ்சினுக்குத்தான். இஞ்சின் கழட்டத் தாடி மீசை தேவையில்லைத்தானே.”

“அதில்லை மிஸ். இஞ்சை வசதி இல்லை.”

“என்ன வசதி?”

யன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தார். “அந்த வசதி.”

“நான் இவ்வளவு காலமும் இஞ்சைதானே சேர் இருக்கிறன். எனக்கு அந்த வசதி தேவையில்லை எண்டு நினைச்சியளோ?”

மனிசனுக்கு முகம் சிவந்துவிட்டது. கொஞ்சநேரம் மேசையைத் துடைத்தார். பிறகு திடீரென்று ஒரு சிரிப்பு வந்தது. “சரி மிஸ். கக்கூஸ் கட்டினால் பெட்டையளை எடுப்பம்.”

அந்தச் சிரிப்புக்குக் காரணம் எனக்கு விளங்கியது. குடாநாட்டுக்குள் சீமெந்து வரத் தடை. வீட்டுக்குப் படி கட்டவே ஒரு பை கிடைக்காத நேரம். கக்கூசும் வராது, பெட்டையளும் வரமாட்டார்கள், தனக்கும் வில்லங்கமில்லை என்று நினைத்துவிட்டார்.

சீமெந்துக்கு முன்னும் யாழ்ப்பாணத்தில் வீடு கட்டினவர்கள் இருந்தார்கள். சுண்ணாம்பு இருந்தது. எங்கள் இரும்பு ஒட்டுவேலைப் பகுதி குண்டு விழுந்து சரிந்து கிடந்தது, அதில் கல் இருந்தது. மிஞ்சியிருந்த மாணவர்களைக் கூப்பிட்டு, செயன்முறைப் பாடம் என்று சொன்னேன். குழி வெட்டினோம், சுவர் எழுப்பினோம். கதவுக்குப் பலகை இல்லை. பட்டறை மூலையில் ஓடாமல் கிடந்த வான் ஒன்றின் பக்கக் கதவைக் கழற்றி மாட்டினோம். கண்ணாடிக்குப் பெயின்ற் அடித்தோம். கைபிடி நன்றாக வேலை செய்தது. கதவில் ‘தயவுசெய்து மெதுவாகச் சாத்தவும்’ என்று முன்பே எழுதியிருந்தது.

அதிபர் வந்து சுற்றிப் பார்த்தார். இரண்டு தரம் திறந்து இரண்டு தரம் சாத்தினார். மெதுவாகத்தான் சாத்தினார். “வாக்குக் குடுத்திட்டன்” என்று பெருமூச்சு விட்டார்.

தம்பிமார், தங்கச்சிமார், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ‘வசதி இல்லை’ என்று சொன்னால் அவரோடு கொள்கை பற்றி விவாதிக்காதீர்கள். எந்த வசதி என்று கேளுங்கள். வாயால் சொல்ல வையுங்கள். சொன்னால் அதைக் கட்டிவிடலாம்.

வந்த பெட்டைகளில் நிலைத்து நின்றவர்கள் இரண்டு பேர். சுகந்தி கொடிகாமத்துப் பக்கம், தோட்டக்காரக் குடும்பம், விரும்பி வந்தவள். ஜெசிந்தா குருநகர், கடற்தொழிலாளர் குடும்பம். கடலுக்குப் போகத் தடை, கரையில் ஷெல் என்று அவர்கள் கரையை விட்டு உள்ளே தள்ளி உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்தார்கள். ஏன் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தாய் என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். பெரிய இலட்சியம் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

“தையல் வகுப்புக்குத்தான் வந்தனான் ரீச்சர். அங்கை இடமில்லை எண்டிச்சினம்.”

முதல் நாளே அதிபர் அவளை வள்ள மோட்டார் ஒன்றுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். “பிள்ளை கடலாள். உமக்கு இது தண்ணிபட்ட பாடாய் இருக்கும்.”

“எங்கடை வள்ளத்தைப் பெட்டையளைத் தொடவிடமாட்டினம் சேர். தொட்டால் மீன் படாதாம்.”

“அப்ப உமக்கு ஒண்டும் தெரியாதோ?”

“தெரிஞ்சால் ஏன் சேர் படிக்க வாறன்?”

உண்மையாகவே ஒன்றும் தெரியாது. முதல் தவணையில் அவள் முறித்த போல்ட்டுகளை வைத்து இன்னொரு இயந்திரம் செய்திருக்கலாம். பாவாடை சுழலும் பட்டியில் அகப்பட்டுவிடும் என்பதால் இரண்டு பேரும் அண்ணன்மாரின் நீட்டுக் களிசானைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதிபர் ஒரு மாதம் வரைக்கும் கூரையைப் பார்த்தபடியே பட்டறைக்குள் நடந்தார். ஒரு தரம் ஒயில் வாளிக்குள் கால் வைத்தார். அதற்குப் பிறகு நேராகப் பார்த்து நடக்கப் பழகினார். ஜெசிந்தாவும் பழகினாள். முறித்தவற்றை எல்லாம் தானே கழற்றி எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதால் இரண்டாம் வருஷத்தில் அவளுக்குக் கழற்றவும் பூட்டவும் தெரியாத துண்டு இல்லை.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

சுகந்தியின் பெரியப்பா கொடிகாமத்துக்குக் கிட்ட மிளகாய்த் தோட்டம் செய்தார். நல்ல கோடை. செடி பூத்து நிற்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் இறைக்கிற இயந்திரம் படுத்துவிட்டது. அந்தப் பகுதித் திருத்துநர் கனடாவுக்குப் போய்விட்டார். கையால் இறைத்து அந்தளவு தோட்டத்தைக் காப்பாற்ற முடியாது. அந்த மிளகாயை நம்பித்தான் அந்த வீட்டு வருஷம் ஓடும். “நாங்கள் வந்து திருத்துவம்” என்று சுகந்தி வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வந்து என்னிடம் அனுமதி கேட்டாள். ஆணோ பெண்ணோ, எல்லா மாணவர்களும் அப்படித்தான்.

மூன்று பேரும் சைக்கிளில் போனோம். ஒரு பையில் சாவி, குறடு என்று திருத்துகிற ஆயுதங்கள். ஒரு மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிளப்பச் சில துளி பெற்றோல் வேண்டும். அந்தக் காலத்தில் அது அத்தரைவிட விலையான சாமான். சுகந்தி அதை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

பெரியப்பா வேலி வாசலில், படலையடியில் நின்றார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. “வாங்கோ ரீச்சர், வாங்கோ” என்று நல்ல மரியாதையாக வரவேற்றார். செடிகள் அவருக்குப் பின்னால் இலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார்.

“பிள்ளை எந்த இடம்?”

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி புவியியல் பாடத்தைச் சேர்ந்ததில்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

“குருநகர் ஐயா.”

“அப்பாவுக்கு என்ன தொழில்?”

“கடல்.”

அவர் தலையை ஆட்டினார். குரலில் ஒரு கடுமையும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். “ரீச்சரும் சுகந்தியும் உள்ளுக்கு வாங்கோ. உந்தப் பிள்ளை படலையடியிலை நிக்கட்டும். கிணத்தடி பாருங்கோ. வீட்டிலை பொம்பிளையள் விரதம் பிடிக்கிறவை.”

“பெரியப்பா!” என்றாள் சுகந்தி.

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. வாயில் ஒரு பேச்சு ரெடியாக இருந்தது. நல்ல பேச்சு, இப்போது நினைத்தாலும் நல்ல பேச்சுத்தான். சைக்கிளைத் திருப்பினேன். “வாங்கோ பிள்ளையள், போவம்.”

ஜெசிந்தா அசையவில்லை. “பொறுங்கோ ரீச்சர். செடி என்ன செய்தது?”

நான் பேச்சை விழுங்கினேன். அவமானப்பட்டது அவள். என்ன செய்வதென்று தீர்மானிக்கிற உரிமையும் அவளுக்குத்தான். நாங்கள் அவளுக்காக வீரம் காட்ட வெளிக்கிட்டால், வீரம் எங்களுடையது, வெறுங்கையோடு திரும்புகிற சைக்கிள் அவளுடையது.

அவள் பெரியப்பாவைப் பார்த்தாள். “ஐயா, நான் உள்ளுக்கு வரேல்லை. இவையும் வரமாட்டினம். உங்களுக்குக் கை இருக்குத்தானே?”

“இருக்கு.”

“அப்ப நீங்கள் திருத்துங்கோ. நான் சொல்லுறன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் வேலியைப் பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மனிசன் வேறு வழியில்லாமல் ஆயுதப் பையை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தார்.

படலையிலிருந்து கிணற்றுக்குக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிட்டால் அயலெல்லாம் கேட்கும் தூரமும் அதுதான். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு மேலால் தலைகள் முளைக்கத் தொடங்கின. பெரியம்மா கையில் அகப்பையோடு குசினி வாசலில் வந்து நின்றார். அவர்களுடைய இளைய மகள் கலா தாய்க்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

“கயிறைச் சுத்தி இழுங்கோ ஐயா!” ஜெசிந்தா கத்தினாள்.

இழுத்தார். இயந்திரம் ஒருதரம் இருமியது.

“இழுவை காணாது! திருப்பி இழுங்கோ!”

திருப்பி இழுத்தார். அவர் இருமினார், இயந்திரம் இருமவில்லை.

“சரி, பிளக்கைக் கழட்டுங்கோ!”

“எது பிளக்?”

“மேலை, வெள்ளைக் கழுத்தோடை நிக்கிறது. இடப்பக்கம் திருப்புங்கோ. ஐயா, இடப்பக்கம்! அது உங்கடை சோத்துக்கை!”

வேலிக்கு மேலால் ஒரு தலை சிரித்தது. பெரியப்பா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்க்க, தலை மறைந்தது.

“கழட்டியாச்சு!”

“என்ன நிறம்?”

“கறுப்பு!”

“ஈரமோ, காய்ஞ்சதோ?”

“நான் என்ன கண்டன்?”

“தொட்டுப் பாருங்கோவன்!”

தொட்டார். தொட்ட கையை வேட்டியில் துடைத்தார். அந்த வேட்டியின் கதை அந்தக் கணத்தோடு முடிந்தது.

துடைக்க வைத்தாள், சுரண்ட வைத்தாள், பூட்ட வைத்தாள். அப்படியும் கிளம்பவில்லை. ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு அடுத்த இழுவைச் சத்தத்தைக் கேட்டாள். “எண்ணெய் வரேல்லை ரீச்சர், என்ன?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். காபரேற்றரைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னாள். அதற்குக் கொஞ்ச நேரம் சென்றது. மூன்று பெண்கள் நிழலில் நிற்க, ஒரு தோட்டக்காரர் வெயிலில் எங்களுக்காக வேலை செய்தார். நான் படிப்பித்த காலத்தில் அதைப்போல ஒரு செயன்முறை வகுப்பு அமையவில்லை.

காபரேற்றரைக் கொண்டுவந்து படலைக்கு இந்தப் பக்கம் நிலத்தில் வைக்கக் குனிந்தார்.

“நிலத்திலை வைச்சால் மண் போகும் ஐயா. கையிலை தாங்கோ.”

அவர் குனிந்தபடி ஒரு கணம் நின்றார். பிறகு நிமிர்ந்து அவளுடைய கையில் கொடுத்தார்.

அவள் பிரித்தாள். நினைத்ததுதான். எண்ணெய் வருகிற சின்னத் துவாரம் அழுக்கால் அடைத்துக் கிடந்தது. அதற்குக் கம்பி விடக்கூடாது, துவாரம் பெருத்துவிடும். வாயால் ஊத வேண்டும். காற்றடிக்கிற இயந்திரம் உங்களுக்கு இருக்கிறது, எங்களுக்கு வாய்தான்.

“ஐயா, இதை ஊதவேணும். நீங்கள் ஊதுறியளோ, நான் ஊதட்டோ?”

அவருக்கு விஷயம் விளங்கியது. “இல்லை இல்லை, தாரும், நான் ஊதுறன்.” வாங்கி, அவசரத்தில் எண்ணெய் தேங்கிய பக்கத்தில் வாயை வைத்து ஊதினார். மண்ணெண்ணெய் வாய்க்குள் போய்விட்டது. துப்பினார், இருமினார், கண்ணில் நீர் வந்தது. கலா செம்போடு தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். அவர் வாயைக் கொப்பளித்து முடிக்கும்வரை ஜெசிந்தா பொறுத்து நின்றாள். பிறகு கையை நீட்டி அதை வாங்கி, சட்டைக் கையில் துடைத்துவிட்டு, சரியான பக்கத்தில் வாயை வைத்து ஊதினாள். விர்ரென்று காற்றுப் போனது. திருப்பிக் கொடுத்தாள்.

பெரியப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கிணற்றடிக்கு வரக்கூடாத பிள்ளையின் எச்சில். அதைக் கொண்டுபோய்ப் பூட்டினால்தான் தண்ணீர். வேலிக்கு மேலால் இன்னும் இரண்டு தலைகள் முளைத்தன.

குசினி வாசலிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. “என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கொண்டுபோய்ப் பூட்டுங்கோவன்!”

பூட்டினார். சுகந்தி கொடுத்துவிட்ட போத்தலிலிருந்து பெற்றோல் துளியை விட்டார். இழுத்தார். அது பிடித்தது. வெள்ளைப் புகை கக்கி, இடறி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. குழாய் வாயில் தண்ணீர் பாய்ந்து வாய்க்காலில் ஓடியது. மனிசன் துள்ளினார். சத்தியமாகத் துள்ளினார். வாய்க்காலோடு தோட்டத்துக்குள் ஓடி, திரும்பி எங்களை நோக்கி ஓடி வந்து, படலைக்குக் கிட்ட வந்ததும் பிரேக் பிடித்தமாதிரி நின்றார்.

“ரீச்சர், சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்.”

“மூண்டு பேருமோ?” என்று கேட்டேன்.

அவர் வாய்க்காலைப் பார்த்தார். நாங்கள் சைக்கிளில் ஏறினோம்.

கொஞ்சத் தூரம் வந்த பிறகு ஜெசிந்தா சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினாள். சுகந்தி ஓடிப்போய் அவளுடைய கையைப் பிடித்தாள். “கோவமோடி?”

“கோவந்தான். ஆனா அந்தாள் எண்ணெய் குடிச்சதை நினைக்கச் சிரிப்பும் வருது. ரெண்டும் சேந்து வந்தால் சைக்கிள் மிதிக்கேலாதடி.”

மூன்று பேரும் தெருவோரத்தில் நின்று சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழுதாள். நான் அவளுடைய சைக்கிளைச் சரியாமல் பிடித்துக்கொண்டேன். சில நேரம் ஆசிரியர் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

முறைப்பாடு வரும் என்று அதிபர் பயந்தார். முறைப்பாடு வரவில்லை. வேறொன்று வந்தது. கொடிகாமம் சந்தை முழுக்கப் பெரியப்பா சொல்லித் திரிகிறாராம், தானே இயந்திரத்தைத் திருத்தியதாக. படலையடியில் ஒரு பிள்ளை நின்று ஏதோ சத்தம் போட்டதாம், அவ்வளவுதானாம். சுகந்தி இதைச் சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்தாள். எனக்கும் கொதித்தது. ஜெசிந்தா மட்டும் அமைதியாக ஒரு வால்வைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“விடு சுகந்தி. தனக்குத் தெரியும் எண்டு நினைக்கத் தொடங்கியிட்டார்தானே. கெதியிலை இஞ்சை வருவார்.”

வந்தார். இயந்திரம் சைக்கிள் கரியரில், கழற்றிய துண்டுகள் ஒரு வாளியில். அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்த களைப்பில் அதிபரின் அறைக்கு முன்னால் நின்றார். இயந்திரத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லையாம். இன்னும் நன்றாக ஓடட்டும் என்று கழற்றியிருக்கிறார்.

“ஆரைப் பாக்கவேணும்?” அதிபர் கேட்டார்.

“அந்த… குருநகர்ப் பிள்ளையை.”

எங்கள் அதிபரை நான் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். “அவ வகுப்பிலை நிக்கிறா. முடிய வருவா. இருங்கோ.” முதல் தரமாக அவளை மரியாதையாக ‘அவ’ என்றார். வகுப்பு முடிய நேரம் இருந்தது. அவரை இருக்கத்தான் வைத்தார்.

ஜெசிந்தா வந்து வாளியைப் பார்த்தாள். திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. துண்டுகளைத் துணியில் ஒவ்வொன்றாகப் பரப்பி, “இதுகளைக் கழுவித் தாங்கோ ஐயா” என்று ஒரு தூரிகையைக் கொடுத்தாள். அவர் வேலைசெய்யும் மேசைக்குப் பக்கத்தில் குந்தி இருந்து கழுவினார். அவள் பூட்டிக்கொண்டு போனாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பிள்ளை, இது படிக்கக் கனகாலம் எடுக்குமோ?”

“உங்களுக்கோ?”

“இல்லை. என்ரை இளையவளுக்கு. நீங்கள் வந்த நாளிலை இருந்து இதே கதைதான். கோழிக்கூட்டுப் பூட்டையும் கழட்டிப் போட்டாள்.”

ஜெசிந்தா திருகுகிறதை நிறுத்தாமல் சொன்னாள். “அனுப்புங்கோ. ஆனா ஐயா, இஞ்சை எல்லாரும் உள்ளுக்குத்தான் நிக்கிறது. படலையடியிலை நிண்டு படிக்கேலாது.”

அவருடைய கையில் இருந்த தூரிகை நின்றுவிட்டது. பிறகு மிச்சத் துண்டுகளையும் கழுவிக் கொடுத்தார். அவள் பூட்டி முடித்த இயந்திரத்தைக் கரியரில் கட்டினார். போகும்போது, “வாறன் பிள்ளை” என்று மட்டும் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, அவளிடம் சொன்னார்.

மனம் மாறிய கதை என்று இதை உங்கள் பதாகையில் போட்டுவிடாதீர்கள். ஜெசிந்தாவை அவர் பிறகும் கிணற்றடிக்குக் கூப்பிடவில்லை. ஆனால் அடுத்த பிரிவில் கலா வந்தாள். எங்கள் ஆட்கள் தவணை முறையில்தான் மாறுவார்கள். கிடைக்கிற தவணையை வாங்கி வையுங்கள், மிச்சத்தைக் கேட்டுக்கொண்டே இருங்கள். முழுதாகத் திருந்தி வந்தால்தான் கதவைத் திறப்போம் என்று இருந்தால், கதவு துருப்பிடித்துவிடும்.

தொண்ணூற்றைந்தில் எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டதையும், பட்டறையை அப்படியே போட்டுவிட்டு நடந்ததையும் நீங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. சுகந்தி இப்போது ஜேர்மனியில் பஸ் திருத்துகிறாள், மாப்பிள்ளை சமைக்கிறார். ஜெசிந்தா மன்னாரில் போதனாசிரியர். தன்னுடைய வகுப்பில் பையன்கள் குறைவு, ஊக்குவிக்க ஏதாவது வழியிருக்கிறதா என்று போன வருஷம் என்னிடம் நக்கலாகக் கேட்டாள்.

கலா வந்த முதல் நாளோடு முடிக்கிறேன். பட்டறையில் கைபிடி சுழற்றிக் கிளப்புகிற பழைய இயந்திரம் ஒன்று இருந்தது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கிளப்ப வேண்டும். கலா அண்ணனின் களிசானை இடுப்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கைபிடியை ஐந்து விரலாலும் சுற்றிப் பிடித்துச் சுழற்றத் தயாரானாள். ஜெசிந்தா எட்டி அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். பிடியைத் தளர்த்தி, பெருவிரலை எடுத்து மற்ற விரல்களின் பக்கமாகவே மடித்து வைத்தாள்.

“இப்பிடிப் பிடி. பெருவிரலைச் சுத்திப் பிடிச்சால், இஞ்சின் திருப்பி அடிக்கேக்கை முறிச்சுப் போடும்.”

கலா நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கும் அடிக்குமோ அக்கா?”

“அடிக்கும். உன்ரை கொப்பர் ஆர், எந்த இடம் எண்டெல்லாம் கேக்காது. சுத்து.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள்.